கையால் செய்தால் சேமிக்கிறது, கோட் எழுதிச் செய்தால் மறுக்கிறது: போர்டலின் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பிழை

ஷேர்பாயிண்டில் (அலுவலகத் தளங்களை நடத்தும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அமைந்த ஒரு போர்டலுக்குள் போய் ஓர் அறிவித்தலைக் கையால் திருத்துகிறீர்கள், ஒழுங்காகச் சேமிக்கிறது. அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல்லோடு அதே திருத்தத்தை ஒரு சிறிய ஸ்கிரிப்ட் செய்யப் போனால் சேர்வர் 403, அதாவது மறுப்பு, என்கிறது. கூடவே ஒரு வாசகமும் வருகிறது: இந்தப் பக்கத்துக்கான பாதுகாப்புச் சரிபார்ப்பு செல்லுபடியாகாது, பிரவுசரில் பின்னே சென்று பக்கத்தைப் புதுப்பித்து மீண்டும் முயலுங்கள். ஸ்கிரிப்டுக்கு ஏது பின்னே போகும் பொத்தான்?

இந்தப் பிழையைக் கண்டதும் பலரும் முதலில் போய் நிற்பது அனுமதிப் பக்கத்தில். அந்தக் கணக்குக்குத் திருத்தும் உரிமை கொடுப்பார்கள், பிறகு முழு உரிமை கொடுப்பார்கள், கடைசியில் நிர்வாகியாகவே ஆக்கிவிடுவார்கள். பிழை அசையாது. ஏனென்றால் சேர்வர் கேட்பது 'நீ யார், உனக்கு உரிமை உண்டா' என்ற கேள்வியை அல்ல. அதற்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அது கேட்பது வேறு: 'இந்தக் கட்டளை, சற்று முன் நான் உனக்குத் தந்த பக்கத்திலிருந்துதான் வருகிறதா?' இதற்கு விடை சொல்லும் ஒரு துண்டு உங்கள் கோரிக்கையில் இல்லை, அல்லது பழையது, அல்லது வேறொருவருடையது. கோளாறைத் தேடுவது என்றால் இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான்.

ஆஸ்பத்திரிக் கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி நீங்கள் யார் என்று சொல்லும். காலையில் தரும் நம்பர் துண்டு, நீங்கள் இன்றைக்கு, இந்த அறைக்கு வந்து வரிசையில் நின்றீர்கள் என்று சொல்லும். கொப்பி எவ்வளவு சரியாக இருந்தாலும் நேற்றைய துண்டு, பக்கத்து அறைத் துண்டு, மற்றவர் துண்டு எதுவும் எடுபடாது.

குக்கி இருக்க, இன்னொரு துண்டு எதற்கு

லொகின் செய்ததும் சேர்வர் ஒரு குக்கி தருகிறது. அதன்பின் அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் அதைத் தானாகவே சேர்த்து அனுப்பும். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஓர் உத்தியோகத்தர் ஒரு பிரவுசர் டேபில் போர்டலைத் திறந்து வைத்திருக்கிறார். இன்னொரு டேபில், வாட்ஸ்அப்பில் வந்த 'இலவச டேட்டா' இணைப்பைத் திறக்கிறார். அந்தப் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம் இருந்து, போர்டலின் முகவரிக்கு 'இந்த அறிவித்தலை அழி' என்று அனுப்பினால், பிரவுசர் குக்கியையும் சேர்த்தே அனுப்பக்கூடும். சேர்வருக்கு அது உத்தியோகத்தரே கொடுத்த கட்டளையாகத்தான் தெரியும். கடவுச்சொல் திருடப்படவில்லை, கணினிக்குள் வைரஸும் இல்லை. இந்த வகைத் தாக்குதலைச் சுருக்கமாக சிஎஸ்ஆர்எஃப் என்பார்கள்.

இதற்கான தடுப்பு எளிமையானது. சேர்வர் தான் தரும் பக்கத்துக்குள், ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துச் சரத்தை மறைத்து வைக்கிறது. எழுதும் கோரிக்கை வரும்போது குக்கியோடு அந்தச் சரத்தையும் கேட்கிறது. வேறு தளத்தின் பக்கத்தால் உங்கள் குக்கியைப் பறக்க வைக்க முடியும். ஆனால் போர்டலின் பக்கத்தைத் திறந்து உள்ளே இருப்பதை வாசிக்கப் பிரவுசர் அதை விடாது. ஆகவே சரம் அதன் கைக்கு எட்டாது. 2020 பெப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், வேறு தளத்தின் படிவம் வழியாகக் குக்கி போவதைப் பிரவுசரே பெருமளவு கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஆனால் இணைப்பைத் தட்டித் தளத்துக்கு நேரே போகும் கெட் (பக்கத்தைக் கேட்டு வாங்கும்) கோரிக்கையில் குக்கி இன்னமும் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள். சேர்வர் பக்கக் கோடைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இந்தச் சரத்துக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு பெயர். ஷேர்பாயிண்டில் டைஜெஸ்ட், வேர்ட்பிரஸில் நான்ஸ், தளம் கட்டும் சட்டகங்களான ஜாங்கோவிலும் லாராவெலிலும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். மேலே சொன்ன பிழை வாசகம் ஷேர்பாயிண்டுக்கே உரியது என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம். கோடில் ஆங்கில எழுத்தில் எழுதும் பெயர்களை இங்கே ஒலிப்படி தந்திருக்கிறோம். ஒட்டி எழுதியிருப்பவற்றைக் கோடிலும் இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும்.

டைஜெஸ்டை வாங்குவதும் அனுப்புவதும்

உதாரணத்துக்கு ஒரு போர்டலைக் கற்பனை செய்வோம். திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளுக்கும் ஒவ்வொரு துணைத்தளம். ஒவ்வொன்றிலும் 'அறிவித்தல்கள்' என்று ஒரு பட்டியல். ஒரே அறிவித்தலைக் கிண்ணியா, மூதூர், குச்சவெளி, வெருகல் என்று எல்லாத் துணைத்தளங்களிலும் ஒரே நேரத்தில் ஏற்ற ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

பிரவுசரில் ஓடும் கிளாசிக் (பழைய பாணி) பக்கத்துக்குள்ளேயே உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் டைஜெஸ்ட் ஏற்கெனவே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது: இரண்டு அடிக்கோடுகளோடு தொடங்கும் ரிக்வெஸ்ட்டைஜெஸ்ட் என்ற மறைபுலத்தின் மதிப்பு அது. வெளியிலிருந்து ஓடும் ஸ்கிரிப்டாக இருந்தால் கேட்டு வாங்க வேண்டும். முறை இது:

1. எந்தத் தளத்தில் எழுதப் போகிறீர்களோ, அந்தத் தள முகவரியின் முடிவில் அடிக்கோடு-ஏபிஐ, பிறகு சாய்கோடு, பிறகு கான்டெக்ஸ்ட்இன்ஃபோ என்று சேர்த்து, அதற்கு ஒரு போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கை அனுப்புங்கள். கெட் அனுப்பினால் ஏற்காது. உள்ளே அனுப்ப எதுவும் இல்லாவிட்டாலும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் (கோரிக்கையின் தலையில் போகும் குறிப்பு) 0 என்று போக வேண்டும். விட்டுவிட்டால் 411, நீளம் தரவில்லை என்ற பிழை, வரும்.

2. அக்செப்ட் ஹெடரில் ஜேசன் என்ற தரவு வடிவம் வேண்டும் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எக்ஸ்எம்எல் வரும்.

3. வரும் பதிலில் ஃபார்ம்டைஜெஸ்ட்வேல்யூ, ஃபார்ம்டைஜெஸ்ட்டைம்அவுட்செகண்ட்ஸ் என்ற இரண்டையும் எடுத்து வையுங்கள். இரண்டாவது பெரும்பாலும் 1800, அதாவது 30 நிமிடம்.

4. எழுதும் கோரிக்கையில் எக்ஸ்-ரிக்வெஸ்ட்டைஜெஸ்ட் என்ற ஹெடரில் முதல் மதிப்பை அப்படியே வையுங்கள். ஏற்கெனவே உள்ள பதிவைத் திருத்துவதென்றால் எக்ஸ்-எச்டிடிபி-மெதட் ஹெடரில் மெர்ஜ் என்பதும், இஃப்-மேட்ச் ஹெடரில் நட்சத்திரக் குறியும் வேண்டும்.

'அப்படியே' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டைஜெஸ்ட் 0எக்ஸ் என்று தொடங்கும் நீளமான பதினாறடிமான எண்ணும், ஒரு கமாவும், அதன்பின் தேதி நேரமும் சேர்ந்தது. கமாவைக் கண்டதும் இரண்டாக வெட்டி முன்பாதியை மட்டும் அனுப்புவது, இடைவெளிகளை முகவரியில் மாற்றுவதுபோல் மாற்றுவது, வரிமுறிவு ஒன்று ஒட்டிக்கொண்டு போவது எல்லாம் அடிக்கடி நடப்பவை. ஓர் எழுத்து மாறினாலும் முழுவதும் செல்லாது.

இன்னொரு பிழை இதைவிட மறைவானது. அக்செப்ட் ஹெடரில் 'வெர்போஸ்' என்று கேட்டால் டைஜெஸ்ட், 'டி' என்ற பொருளுக்குள், கெட்கான்டெக்ஸ்ட்வெப்இன்ஃபர்மேஷன் என்ற பொருளுக்குள் இருக்கும். 'நோமெட்டாடேட்டா' என்று கேட்டால் மேலேயே நேரடியாக இருக்கும். ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதன் பாதையில் தேடினால் ஜாவாஸ்கிரிப்ட் சில வேளை கூச்சலிடாது. 'அன்டிஃபைன்ட்' என்ற சொல்லையே டைஜெஸ்டாக எடுத்து அனுப்பிவிடும். சேர்வர் அதற்கும் அதே பாதுகாப்புப் பிழையைத்தான் தரும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், அனுப்பும் டைஜெஸ்டின் முதல் 10 எழுத்தை மட்டும் திரையில் எழுதிப் பாருங்கள். 0எக்ஸ் என்று தொடங்காவிட்டால் கோளாறு அங்கேயே தெரிந்துவிட்டது. முழு டைஜெஸ்டையும் லாக் கோப்பில் எழுதி வைக்க வேண்டாம்.

யாருடைய துண்டு, எந்தத் தளத்தின் துண்டு

டைஜெஸ்ட் ஒரு பயனருக்கும், ஒரு தளத்துக்கும், ஒரு கால எல்லைக்கும் உரியது. நம் 11 துணைத்தளப் போர்டலில் முதல் சறுக்கல் இங்கேதான் நேரும்: மேல்தளத்தில் ஒரு டைஜெஸ்ட் வாங்கிவிட்டு அதையே எல்லா இடத்துக்கும் அனுப்புவது. சில அமைப்புகளில் இது ஓடிவிடும், அதனால்தான் பழகிப்போகிறது. ஒரு பிரிவின் தளத்தைப் பிறகு யாராவது தனித் தளத்தொகுப்பாகப் பிரித்தால் அந்த ஒன்றில் மட்டும் பிழை வரத் தொடங்கும். கிண்ணியாவில் எழுதக் கிண்ணியாவில் வாங்குங்கள். தள முகவரியைத் திறவுகோலாக வைத்து 11 டைஜெஸ்டையும் ஓர் அகராதியில் சேமித்துக்கொண்டால் போதும்.

பயனர் மாறிப்போவது இன்னும் எளிது. டைஜெஸ்ட் வாங்கும் கோரிக்கையில் குக்கியோ அடையாள விவரமோ சேர்க்க மறந்துவிட்டால், அநாமதேய வாசிப்பு அனுமதித்த தளத்தில் சேர்வர் அநாமதேயருக்கான ஒரு டைஜெஸ்டைத் தந்துவிடக்கூடும். அடுத்த கோரிக்கை உங்கள் பெயரில் போகும். இரண்டும் பொருந்தாது. பைத்தனில் எழுதினால் இரண்டு கோரிக்கைக்கும் ஒரே செஷன் பொருளைப் பயன்படுத்துங்கள். பவர்ஷெல்லில் ஒரே வெப்செஷன். பிரவுசரில் ஃபெட்ச் என்றால் கிரெடென்ஷியல்ஸ் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

ஓஆத் என்ற அனுமதி முறையில் பேரர் டோக்கனோடு (கோரிக்கையின் ஹெடரில் வைக்கும் அனுமதிச் சரம்) பேசும் செயலிக்கு டைஜெஸ்ட் தேவையே இல்லை. காரணத்தை மேலே பார்த்ததோடு பொருத்திப் பாருங்கள்: பேரர் டோக்கனைப் பிரவுசர் தானாக ஒட்டி அனுப்புவதில்லை, கோட்தான் கையால் வைக்கிறது, ஆகவே வேறு தளம் அதைப் பறக்க வைக்க வழியில்லை. அதேபோல ஷேர்பாயிண்டின் புதிய நிரலாக்கச் சட்டகமான எஸ்பிஎஃப்எக்ஸ் முறையில் எழுதும் பகுதிகளில், கோரிக்கை அனுப்பும் எஸ்பிஎச்டிடிபிகிளையண்ட் டைஜெஸ்டைத் தானே பார்த்துக்கொள்ளும். அங்கே கையால் டைஜெஸ்ட் வைக்கப் போவது வேண்டாத வேலை.

முப்பது நிமிடம்

மும்மொழிப் போர்டல்களில் இதுதான் அதிகம் கடிக்கும். உத்தியோகத்தர் புதிய அறிவித்தலுக்கான படிவத்தைத் திறக்கிறார். தமிழில் தட்டச்சு செய்கிறார். சிங்கள மொழிபெயர்ப்புக்கு ஆள் அனுப்புகிறார், அது வந்தபின் ஆங்கிலத்தைச் சரிபார்க்கிறார். சேமிக்கும்போது 40 நிமிடம். இடையில் கரண்ட் போய், மடிக்கணினி மூடித் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். திரையில் படிவம் அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கும் டைஜெஸ்ட் காலாவதி. நீங்கள் எழுதிய தனிப்பயன் படிவமாக இருந்தால், சேமிக்கும் கோட் முதலில் அப்டேட்ஃபார்ம்டைஜெஸ்ட் என்ற செயற்கூறை அழைக்க வேண்டும். ஷேர்பாயிண்டின் கிளாசிக் பக்கங்களிலேயே அது கிடைக்கும். கொடுக்கப்பட்ட இடைவெளி கடந்திருந்தால் புதிய டைஜெஸ்டை வாங்கி மறைபுலத்தில் வைக்கும். அந்த இடைவெளிக்கான வழக்கமான மதிப்பு 14,40,000 மில்லிசெகண்ட், அதாவது 24 நிமிடம். 30க்கு ஆறு நிமிடம் முன்னதாகவே புதுப்பித்துவிடுகிறது.

ஸ்கிரிப்டில் இதன் அடையாளம் வேறு. 900 பதிவுகளைத் திருத்தும் சுற்று ஒன்று, பதிவுக்கு 3 செகண்ட் எடுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 45 நிமிடம். தொடக்கத்தில் ஒரே ஒரு டைஜெஸ்ட் வாங்கியிருந்தால் 600ஆவது பதிவை ஒட்டி நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் மறுபடி ஏறத்தாழ அதே இடம். புதியவர்கள் 601ஆவது பதிவில் ஏதோ கெட்ட எழுத்து இருக்கிறது என்று அதைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். நின்ற இடத்தைப் பார்க்காதீர்கள், நின்ற நேரத்தைப் பாருங்கள். தொடங்கி 30 நிமிடம் என்றால் பதிவுக்கு இதில் பங்கில்லை.

திருத்தம் இரண்டு பகுதி. டைஜெஸ்ட் கிடைத்த நேரத்தை உங்கள் கணினியில் குறித்து வைத்து, 25 நிமிடம் ஆனதும் புதிதாக வாங்குங்கள். அதையும் மீறி 403 வந்து, பதிலில் பாதுகாப்புச் சரிபார்ப்பு வாசகம் இருந்தால், புதிய டைஜெஸ்ட் வாங்கி அதே கோரிக்கையை ஒரே ஒரு முறை மட்டும் மறுபடி அனுப்புங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் நிறுத்திவிட்டுப் பிழையைக் காட்டட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டைஜெஸ்ட் வாங்கினால் தொல்லை தீரும் என்று சிலர் செய்வதுண்டு. கோரிக்கைகள் இரட்டிப்பாகும், ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் 429 வந்து, கொஞ்சம் பொறு என்று தள்ளிவிடும்.

நேரத்தில் நம்மூருக்கென்றே ஒரு பொறியும் உண்டு. டைஜெஸ்டின் கமாவுக்குப் பின்னுள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. காலை 9.30க்கு வாங்கிய டைஜெஸ்டில் 04:00 என்றுதான் இருக்கும். சேர்வர் கடிகாரம் பிழை என்று நினைத்து அதைத் திருத்தி அனுப்பினால் டைஜெஸ்ட் செல்லாது. அந்த நேரத்தை எடுத்து உள்ளூர் நேரமாக வாசித்துக் காலாவதி கணக்கிடுவது இன்னொரு வகைப் பிழை: ஸ்கிரிப்டுக்கு ஒவ்வொரு டைஜெஸ்டும் ஐந்தரை மணி நேரம் பழையதாகத் தெரியும், ஒவ்வொரு முறையும் புதிது வாங்கும், பிழை எதுவும் காட்டாமல் மெதுவாக மட்டும் ஓடும். அதனால்தான் கிடைத்த நேரத்தை நீங்களே குறித்து வைக்கச் சொன்னோம்.

சேர்வர் கடிகாரம் உண்மையிலேயே பிழையாக இருக்கும் சூழலும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட முன்வரிசைச் சேர்வர்கள் இருந்தால், டைஜெஸ்டைத் தந்தது ஒன்று, சரிபார்ப்பது இன்னொன்றாக இருக்கலாம். இரண்டின் நேரமும் ஒத்துப்போகாவிட்டால் பிழை விட்டுவிட்டு வரும். ஒரு முறை சரி, மறு முறை பிழை. அப்படியொரு தாளம் தெரிந்தால் கோடை விட்டுவிட்டு, சேர்வர்கள் எல்லாம் ஒரே நேர மூலத்தோடு ஒத்திசைகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சேர்வருக்குள் ஓடும் கோட்

ஷேர்பாயிண்ட் 2016, 2019 போன்றவற்றை அலுவலகச் சேர்வரிலேயே வைத்திருப்பவர்கள் சி ஷார்ப்பில் வெப்பார்ட் (பக்கத்தில் பொருத்தும் நிரல் பகுதி) எழுதுவார்கள். ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் இந்த வகைக் கோடுக்கு இடமில்லை. அதை மட்டும் பயன்படுத்துவோர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

இங்கே எல்லாரையும் குழப்புவது: அதே கோட் கன்சோல் செயலியாக ஓடினால் எழுதுகிறது, பக்கத்துக்குள் வைத்தால் மறுக்கிறது. கன்சோலில் வலைக் கோரிக்கை என்று ஒன்று கிடையாது. போலிப் படிவம் வர வழியில்லை, ஆகவே சரிபார்ப்பும் இல்லை. பக்கத்துக்குள் ஓடும்போது, கோடில் ஒரு தளத்தைக் குறிக்கும் எஸ்பிவெப் பொருளின் அலவ்அன்சேஃப்அப்டேட்ஸ் பண்பு பொய் என்ற நிலையில் இருக்கும். கெட் கோரிக்கையின்போது எழுத முயன்றால், கெட்டில் திருத்தம் அனுமதியில்லை, வேண்டுமானால் அந்தப் பண்பை மாற்று என்று பிழைச் செய்தியே வழி சொல்லும். அந்த வழியை அப்படியே பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல்.

இணைப்பைத் தட்டும் கெட் கோரிக்கையில் குக்கி போகும் என்று முன்பே பார்த்தோம். பக்கம் திறந்தவுடனே எழுதும் கோடில் இந்தப் பண்பை உண்மை என்று மாற்றி வைத்தால், யாரோ அனுப்பிய இணைப்பை நிர்வாகி ஒரு தடவை தட்டினாலே அந்த எழுத்து நடந்துவிடும். 'பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டு' என்ற அளவுக்கு என்றால் கேடில்லை. முகவரியில் வரும் எண்ணை எடுத்து அந்தப் பதிவை அழிக்கும் கோட் என்றால் அது திறந்த கதவு. சரியான வழி, எழுதும் வேலையைப் பொத்தான் அழுத்தும் போஸ்டுக்கு நகர்த்துவது. அங்கே எஸ்பியுட்டிலிட்டியின் வேலிடேட்ஃபார்ம்டைஜெஸ்ட் என்ற முறையை அழைத்த பிறகு எழுதுவது. பெரும்பாலான இடத்தில் பண்பைத் தொடவே தேவையிருக்காது.

கோடை உயர்ந்த உரிமையோடு ஓட்டும் ரன்வித்எலிவேட்டட்பிரிவிலேஜஸ் பயன்படுத்துவோர் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். வேலிடேட்ஃபார்ம்டைஜெஸ்ட் அழைப்பு அதற்கு வெளியே, முன்னதாக வர வேண்டும். உள்ளே எஸ்பிசைட், எஸ்பிவெப் பொருள்களைப் புதிதாகத் திறக்க வேண்டும். நடப்புச் சூழலின் பொருளையே உள்ளே இழுத்தால் உயர்ந்த உரிமை கிடைக்காது.

பண்பை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். அது அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உரியது: நடப்புச் சூழலின் வெப்பில் உண்மை என்று வைத்துவிட்டு, புதிதாகத் திறந்த வெப்பிலுள்ள பட்டியலில் எழுதினால் பழையபடி பிழைதான். இரண்டாவது, சில வேலைகள் அதைச் சத்தமில்லாமல் பொய்க்குத் திருப்பிவிடும். அனுமதி வாரிசுரிமையை முறிக்கும் பிரேக்ரோல்இன்ஹெரிட்டன்ஸ் அப்படிப்பட்டது. அதற்கு முந்தைய வரி எழுதுகிறது, அடுத்த வரி மறுக்கிறது என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்; அழைத்த பின் மறுபடி உண்மை என்று வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய மதிப்புக்குத் திருப்புவதை ஃபைனலி தொகுதிக்குள் எழுதுங்கள்.

மத்திய நிர்வாகப் பக்கத்தில் வலைச் செயலியின் பொது அமைப்புகளுக்குள் இந்தச் சரிபார்ப்பையே அணைக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அணைத்தால் பிழை போய்விடும், உண்மைதான். அந்த வலைச் செயலியிலுள்ள எல்லாத் தளங்களின் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும். அதே இடத்தில் 30 நிமிடத்தை 60 ஆக்கும் வழியும் உண்டு. மும்மொழி அறிவித்தல் எழுதுவோருக்காக அதைச் செய்வதில் தவறில்லை. அணைப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

எண்ணைப் பார்த்து எது என்று அறிவது

401 என்றால் நீங்கள் யார் என்றே சேர்வருக்குத் தெரியவில்லை, டைஜெஸ்டைத் தொடாதீர்கள். 403 என்றால் பதிலின் உள்ளடக்கத்தை வாசியுங்கள்: 'பாதுகாப்புச் சரிபார்ப்பு' என்றால் இந்தக் கட்டுரை, 'அணுகல் மறுப்பு' என்றால் அனுமதி. 412 என்றால் டைஜெஸ்ட் சரி, ஆனால் நீங்கள் வாசித்ததற்குப் பின் வேறொருவர் அந்தப் பதிவை மாற்றியிருக்கிறார். இஃப்-மேட்ச் ஹெடரைப் பாருங்கள். 404 வந்தால், பட்டியலின் பெயர் தமிழில் இருப்பதால் முகவரியில் அது சரியாகக் குறியாக்கம் ஆகாமல் போயிருக்கலாம். பெயருக்குப் பதில் பட்டியலின் ஜியுஐடி என்ற தனித்துவ அடையாள எண்ணைப் பயன்படுத்தினால் தொல்லை விடும். ஏஎஸ்பி டாட்நெட் தளத்தில் எச்டிஎம்எல் குறிகளோடு உள்ளடக்கம் அனுப்பி, ஆபத்தான மதிப்பு கண்டறியப்பட்டது என்று 500 வந்தால் அது வேறு கதை: அது உள்ளடக்கத்தைச் சோதிக்கும் காவல்.

எதுவும் பிடிபடாவிட்டால், பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அதே திருத்தத்தைக் கையால் சேமியுங்கள். வெற்றியான கோரிக்கையின் ஹெடர்களையும் ஸ்கிரிப்ட் அனுப்பியவற்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறுபாடு அங்கே இருக்கும்.

வேர்ட்பிரஸும் மற்றவையும்

உப்புவெளி, நிலாவெளிப் பக்க விடுதிகள் போன்ற சிறு தளங்களுக்கு வேர்ட்பிரஸ்தான் பெரும்பாலும் பொருந்தும். அங்கே எக்ஸ்-டபிள்யூபி-நான்ஸ் என்ற ஹெடர். நான்ஸின் ஆயுள் 24 மணி நேரம், ஆனால் 12 மணி நேரத் துண்டுகளாகக் கணக்கிடப்படுவதால் உருவான நேரத்தைப் பொறுத்து 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உழைக்கும். இங்கே முதல் எதிரி கேஷ். வேகத்துக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் பிளக்இன், பக்கத்தோடு அதற்குள் இருக்கும் நான்ஸையும் சேர்த்து நாட்கணக்கில் பரிமாறும். சீசனில் அறை விலையை மாற்றும் படிவம் திடீரென்று 403 தரும். லொகின் செய்தவருக்கான பக்கங்களைக் கேஷிலிருந்து விலக்கி விடுங்கள். வெளியிலிருந்து ஓடும் ஸ்கிரிப்ட் என்றால் நான்ஸோடு மல்லுக்கட்டவே வேண்டாம்: வேர்ட்பிரஸ் 5.6 முதல் செயலிக் கடவுச்சொல் வசதி இருக்கிறது. பயனரின் விவரப் பக்கத்தில் உருவாக்கி, எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பினால் நான்ஸ் தேவையில்லை. அதற்கும் 401 வந்தால், ஹோஸ்டிங் சேர்வர் ஆத்தரைசேஷன் ஹெடரை வேர்ட்பிரஸுக்குப் போகவிடாமல் உரித்துவிடுகிறதா என்று பாருங்கள். 403இன் பதில் ஜேசனாக இல்லாமல் எச்டிஎம்எல் பக்கமாக வந்தால், அதை மறுத்தது வேர்ட்பிரஸ் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் ஃபயர்வாலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

லாராவெலில் இதே பிழையின் எண் 419. செஷன் வழக்கமாக 120 நிமிடத்தில் முடியும். ஜாங்கோவில் சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் என்ற குக்கியின் மதிப்பை எக்ஸ்-சிஎஸ்ஆர்எஃப்டோக்கன் ஹெடரில் வைக்க வேண்டும். 4.0க்கு மேம்படுத்திய பின் பிழை வந்தால், நம்பகமான மூலங்களின் பட்டியலில் டொமைன் பெயருக்கு முன் எச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்தப் பதிப்பிலிருந்து அது கட்டாயம்.

எழுதிய திருத்தம் சரிதானா என்று சோதிக்க அரை மணி நேரம் காத்திருக்க வேண்டாம். நல்ல டைஜெஸ்ட் ஒன்றை எடுத்து, 0எக்ஸுக்குப் பின்னுள்ள ஓர் எழுத்தை வேண்டுமென்றே மாற்றி, சோதனைப் பட்டியலில் உள்ள ஒரு பதிவுக்கு அனுப்புங்கள். ஸ்கிரிப்ட் 403 வாங்கி, புதிய டைஜெஸ்ட் கேட்டு, இரண்டாம் முறையில் எழுதினால் சரி. அடுத்து, புதிதாக வாங்கும் டைஜெஸ்டையும் அதேபோல் கெடுத்து ஓட்டுங்கள். இரண்டாவது 403இல் அது நின்று பிழையைக் காட்ட வேண்டும். நிற்காமல் சேர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தால் மறுமுயற்சிச் சுற்றில் எண்ணிக்கை வரம்பு வைக்க விட்டுப்போயிருக்கிறது.